ஆர்லிஸ் விழுங்கிய இரண்டு நிமிடங்கள்

எங்கள் ஹால்விக் கல்லூரி மைதானத்தில் இருபத்திரண்டு வருடம் ஆட்டக் கடிகாரத்தை இயக்கிய பெண்மணி ஆர்லிஸ் பிராண்ட்வோல்ட். வார நாட்களில் கல்லூரி விளையாட்டு அலுவலகத்தில் கடிதங்களைப் பிரிப்பார், பையன்களுக்குப் பேருந்து ஏற்பாடு செய்வார், சட்டை தொலைத்தவனைத் திட்டுவார். சனிக்கிழமை மதியம் ஃபுட்பால் ஆட்டம் என்றால் (பந்தைக் கையில் பிடித்து ஓடுகிற அமெரிக்க ஃபுட்பால்), கேலரிக்கு மேலே இருக்கும் மரக்கூண்டில் ஒரு பழைய மெத்தை இருக்கையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். முன்னால் ஒரு சின்னப் பெட்டி, அதில் ஒரு பொத்தான். அமுக்கினால் ஸ்கோர்போர்டில் நேரம் ஓடும், மறுபடி அமுக்கினால் நிற்கும்.

அவருக்கு வலப்பக்கத்து நாற்காலி என்னுடையது. ஊரில் மருந்துக்கடை வைத்திருந்தேன். ஆட்ட நாட்களில் ஒலிபெருக்கியில் அறிவிப்பு செய்வது என் வேலை. எவன் ஓடினான், எவன் பிடித்தான், எத்தனை கெஜம் என்று சொல்லிக்கொண்டிருப்பேன். கால் உறையவைக்கும் குளிரில் இத்தனை வருடம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்குள் மறைக்க அதிகம் ஒன்றும் இருக்காது. ஆர்லிஸ் செய்துவந்த காரியமும் எனக்குத் தெரியும்.

விதி எளிதானது. எறிந்த பந்து யார் கையிலும் சிக்காமல் தரையில் விழுந்தால் கடிகாரம் நிற்க வேண்டும். பந்தோடு ஓடுபவன் கோட்டுக்கு வெளியே போனாலும் நிற்க வேண்டும். நடுவர் கை சுழற்றிய பிறகுதான் மறுபடி ஓட வேண்டும். ஆட்டம் நெருக்கமாக இருந்தால் ஆர்லிஸ் விரலில் ஒரு நொடிகூடப் பிசகாது. ஆனால் ஒரு பக்கம் ஐம்பது, அறுபது என்று ஏறி, மறுபக்கம் பூஜ்யத்தில் கிடந்தால், கடைசிக் கால்பகுதியில், அந்தக் கடைசிப் பதினைந்து நிமிடத்தில், அவர் விரல் மெதுவாகிவிடும். பந்து கீழே விழும், கடிகாரம் நாலைந்து நொடி ஓடிவிட்டுத்தான் நிற்கும். நடுவர் கை சுழற்றுவதற்கு முன்பே மறுபடி கிளம்பிவிடும். கவனிக்க வேண்டிய நடுவரும் குளிரில் வீட்டு நினைப்பில் இருப்பார். யாரும் கேட்டதில்லை.

“ஆர்லிஸ், உங்க வண்டிக்கு பிரேக் இல்ல போலிருக்கே?” என்பேன்.

“தோக்குற பசங்களை சீக்கிரம் பஸ் ஏத்தி விடறேன். உனக்கென்னப்பா நஷ்டம்? சூப் ஆறிடும்னுதானே நீயும் உக்காந்திருக்க?”

அதற்கு ஒரு காரணம் இருந்தது. அவர் கணவர் ஆரின் எங்கள் கல்லூரி அணிக்குப் பயிற்சியாளராக இருந்தவர். எழுபத்தொன்றாம் வருடம் ஒரு பெரிய கல்லூரி எங்களை எழுபத்தேழுக்கு பூஜ்யம் என்று அடித்தது. அடித்ததோடு விடவில்லை. கடைசி நிமிடத்திலும் முதல் வரிசை ஆட்களையே வைத்து நீள நீளமாகப் பந்தை எறிந்தார்கள். புள்ளி எடுத்த பிறகு, பந்தை எங்களிடம் கொடுக்காமல் குட்டையாக உதைத்துத் தாங்களே எடுத்துக்கொள்ளும் தந்திரத்தையும் செய்தார்கள். அது பின்தங்கியவன் செய்கிற தந்திரம். முன்னால் இருப்பவன் செய்தால் முகத்தில் துப்புவது மாதிரி. எங்கள் பையன்களில் இரண்டு பேர் மைதானத்திலேயே அழுதார்கள். அடுத்த வாரமே ஆரின் வேலையை விட்டார். பிறகு டிராக்டர் உதிரிபாகங்கள் விற்றார். சாகும்வரை அந்த மைதானத்துப் பக்கம் வரவில்லை.

“அன்னிக்குக் கடிகாரத்துல உக்காந்திருந்தவன் மட்டும் கொஞ்சம் மனசு வெச்சிருந்தா, கடைசிப் பதினாலு புள்ளி விழுந்திருக்காது வெர்ன்,” என்று ஆர்லிஸ் ஒருமுறை என்னிடம் சொன்னார். அந்தத் தோல்விக்கு மூன்று வருடம் கழித்து, கடிகார வேலைக்கு ஆள் தேடியபோது, அவரே போய்க் கேட்டு வாங்கிக்கொண்டார்.

தொண்ணூற்றாறு நவம்பரில், அந்த சீசனின் கடைசி ஆட்டத்துக்கு, டகோட்டா மாநில எல்லை தாண்டி மாரோ க்ரீக் கல்லூரி அணி வந்தது. சின்னக் கல்லூரி. மொத்தமே முப்பத்தேழு பையன்கள். அந்த வருடம் ஒரு ஆட்டமும் ஜெயித்திருக்கவில்லை. காலையிலிருந்தே பனியும் மழையும் கலந்து தூறியது. மைதானம் சேறு.

இடைவேளையில் நாற்பத்தைந்துக்கு பூஜ்யம். எங்கள் பயிற்சியாளர் ஸ்டென்ஸ்ருட் நல்ல மனுஷர். முதல் வரிசையை அப்போதே உட்காரவைத்துவிட்டு, மூன்றாவது வரிசைப் பையன்களை இறக்கினார். பந்தை எறியவே வேண்டாம், நடுவில் ஓடினால் போதும் என்று சொல்லியிருந்தார். அப்படியும் மூன்றாவது கால்பகுதி முடிவில் ஐம்பத்தொன்பது ஆகிவிட்டது.

இரண்டு பயிற்சியாளர்களும் நடுவரும் ஒத்துக்கொண்டால் மீதி நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்று விதியில் இடம் உண்டு. ஸ்டென்ஸ்ருட் நடுவரோடு எதிர்ப்பக்கம் நடந்து போவதைக் கூண்டிலிருந்து பார்த்தோம். மாரோ க்ரீக் பயிற்சியாளர் ப்ரூயிட், குட்டையான ஆள், தொப்பியைக் கழற்றிவிட்டு ஏதோ கேட்டார். பிறகு தலையை ஆட்டினார். வேண்டாம் என்று. கூண்டுத் தொலைபேசியில் எங்கள் உதவிப் பயிற்சியாளர் சொன்னார்: “முழுசா பதினஞ்சு நிமிஷமும் ஆடணுமாம். அந்தாளு ஒத்துக்கல.”

ஆர்லிஸ் கையுறையைக் கழற்றி மேசையில் போட்டார்.

“வீம்பு புடிச்ச மனுஷன். சேத்துல அந்தப் பசங்களைப் போட்டுப் பொரட்டி எடுக்கணுமா இன்னும்? இவனுக்கு மனசாட்சி இருக்கா?”

“அவங்க கோச், அவங்க பாடு,” என்றேன்.

“நான் பாத்துக்கறேன்,” என்றார்.

பார்த்துக்கொண்டார். அன்றைக்குப் போல அவர் விரல் மெதுவாகிப் பார்த்ததில்லை. மாரோ க்ரீக் பையன்கள் பந்தை எறிவார்கள், அது சேற்றில் சொத்தென்று விழும், நொடிகள் ஓடிக்கொண்டே இருக்கும். இன்னொரு பக்கம் ப்ரூயிட் டைம் அவுட் கேட்டு ஆட்டத்தை நிறுத்திக்கொண்டே இருந்தார். ஒன்பது நிமிடம் இருக்கும்போது ஒன்று. ஏழு நிமிடத்தில் ஒன்று. ஒரு பாதிக்கு ஒரு அணிக்கு மூன்றுதான் உண்டு. ஒவ்வொரு தடவையும் ஓரத்திலிருந்து ஒரு பையன் உள்ளே ஓடுவான், ஒருவன் வெளியே வருவான். கேலரியில் மிச்சமிருந்தவர்கள் கத்தத் தொடங்கினார்கள்.

“யோவ் கோச், அம்பத்தொம்போது வாங்கியும் ஆசை அடங்கலையா?”

“அறுபதுக்கு இன்னும் ஒரு புள்ளி பாக்கி இருக்காம், உக்காரு!”

ஐந்து நிமிடம் இருக்கும்போது மூன்றாவது டைம் அவுட். அப்போது நானும் ஒரு காரியம் செய்தேன். மைக்கை எடுத்து, “அன்பான ரசிகர்களே, நம்ம விருந்தாளிகளுக்கு ஹால்விக் ரொம்பப் பிடிச்சுப்போச்சு. கிளம்பவே மனசு வரலையாம்,” என்றேன். கேலரி சிரித்தது. ஆர்லிஸ்கூடச் சிரித்தார்.

அவர்களிடம் பந்து இருந்தது. ஒல்லியான ஒரு பையன் அதை வாங்கிக்கொண்டு ஓடி, விழுந்து, எழுந்து, பத்து கெஜம் தாண்டிவிட்டான். அந்தப் பாதியில் அவர்களுக்குக் கிடைத்த முதல் பத்து கெஜம். ஓரத்தில் இருந்தவர்கள் கோப்பை ஜெயித்த மாதிரிக் குதித்தார்கள். அவனையே தொடர்ந்து ஓடவிட்டார்கள். மூன்று, நான்கு சுற்று போனது. கடைசியில் ஒரு மோதலில் பந்து அவன் கையிலிருந்து நழுவி, எங்கள் பையன் ஒருவன் அதன் மேல் விழுந்தான், பந்து எங்களுடையதாயிற்று.

ஸ்கோர்போர்டில் மீதி ஒரு நிமிடம் இரண்டு நொடி.

ப்ரூயிட் நிமிர்ந்து அதைப் பார்த்தார். அவர் வாய் திறந்தது இங்கிருந்தே தெரிந்தது. இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நடுவரிடம் ஓடினார். நடுவர் ஸ்கோர்போர்டைப் பார்த்தார், தோளைக் குலுக்கினார். ஸ்டென்ஸ்ருட் மரியாதையாக நடந்துகொண்டார், இனி ஒரு புள்ளியும் வேண்டாம் என்று. எங்கள் பையன் பந்தை வாங்கி ஒரு முட்டியைத் தரையில் ஊன்றினான். அப்படிச் செய்தால் அந்தச் சுற்று அங்கேயே முடிந்தது, யாரும் யாரையும் அடிக்க வேண்டாம், நேரம் மட்டும் ஓடும். மறுபடி வாங்கினான், முட்டி போட்டான். மூன்றாவது தடவை முட்டி போட்டபோது நேரம் தீர்ந்தது.

கை குலுக்கிவிட்டு எல்லாரும் கலைந்தார்கள். மாரோ க்ரீக் பையன் ஒருவன் மட்டும் ஓரத்துக் கோட்டில் ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றான். நாற்பத்தொன்றாம் எண். மற்றவர்கள் தலை முதல் கால்வரை சேறாக இருக்க, அவன் சட்டை மட்டும் வெள்ளையாக இருந்தது. ஆர்லிஸ் அவனைப் பார்த்துவிட்டு, “யாரு அது? சலவைக்குப் போட்டு எடுத்த மாதிரி நிக்கிறான்,” என்றார். பிறகு பெட்டியை மூடினார். வேலிக்குப் பக்கத்தில் ஒரு வேனுக்கு முன்னால், சக்கர நாற்காலியில் போர்வை சுற்றிய ஒரு ஆள் இருந்ததையும் நாங்கள் பார்த்தோம். பார்த்தோம், அவ்வளவுதான்.

டிசம்பர் இரண்டாவது வாரம் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் வந்தது. பிரித்தவர் ஆர்லிஸ். அன்று மதியமே அதை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார். மருந்து வாங்க நின்ற ஆட்கள் போகும்வரை நின்றார். பிறகு கடிதத்தை என் முன்னால் வைத்தார்.

ரொவீனா ஓல்மன் என்ற பெண் எழுதியிருந்தார். மகன் ப்ரென்ட் மாரோ க்ரீக்கில் கடைசி வருட மாணவன், நாற்பத்தொன்றாம் எண். இரண்டு தடவை முட்டித் தசைநார் கிழிந்து, நாலு வருடமும் பயிற்சிக்கு மட்டும் போய், ஒரு ஆட்டத்திலும் இறங்காதவன். அப்படி நாலு பையன்கள் இருந்தார்கள், கடைசி ஆட்டத்தில் நாலு பேரையும் ஒவ்வொருவராகப் பந்தோடு ஓட இறக்குவதாகப் பயிற்சியாளர் வாக்குக் கொடுத்திருந்தார், ப்ரென்ட் கடைசி, அவன் முறை வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று எழுதியிருந்தார். “என் கணவர் உடம்பு முடியாதவர். அவருக்கு ஒரு சந்தேகம் தீர வேண்டியிருக்கிறது. அந்த ஆட்டத்தின் கடைசிப் பகுதியை நீங்கள் வீடியோ எடுத்திருந்தால் ஒரு பிரதி அனுப்ப முடியுமா? சிரமத்துக்கு மன்னிக்கவும்.”

“அதுக்குத்தான் அந்தக் கோச் வேணாம்னாரு,” என்றார் ஆர்லிஸ். “அதுக்குத்தான் டைம் அவுட்டு, டைம் அவுட்டுன்னு கேட்டாரு.”

கடிதத்தை மடித்துக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

“டேப்பைப் போட்டுப் பாக்கணும். நீயும் வா.”

கல்லூரியில் பயிற்சியாளர்கள் வீடியோ பார்க்கும் அறையில் உட்கார்ந்தோம். ஆர்லிஸ் ஒரு நிறுத்துக் கடிகாரம் வைத்திருந்தார். பந்து தரையைத் தொடும்போது அமுக்குவார். நடுவர் கை சுழற்றும்போது அமுக்குவார். ஒரு தாளில் குறித்துக்கொண்டே வந்தார். நாலு நொடி. ஏழு நொடி. ஓரிடத்தில் பதினாறு நொடி. முழுக்கால்பகுதியையும் இரண்டு தடவை பார்த்தார். கூட்டினால் இரண்டு நிமிடம் பதினோரு நொடி வந்தது.

“நம்ம பசங்க மூணு தடவை முட்டி போட்டாலும், நாலு வாய்ப்புதானே உண்டு, நாலாவதுல பந்தை அவங்களுக்கு உதைச்சுக் குடுத்திருக்கணும்,” என்றார். “அவங்களுக்கு ஒன்றரை நிமிஷமாவது மிஞ்சியிருக்கும்.”

“யாருக்குத் தெரியும் ஆர்லிஸ்.”

“எனக்குத் தெரியும். ரெண்டு நிமிஷத்தை நான்தானே முழுங்கினேன்.”

டேப்பை அன்றைக்கே பிரதி எடுத்தார். தபாலில் போட்டிருந்தால் மூன்றாவது நாள் போய்ச் சேர்ந்திருக்கும். அதைத்தான் அவர் செய்யவில்லை. வெறும் டேப்பை அனுப்பிவிட்டு ஒளிந்துகொள்ள மாட்டேன், நேரில் போய்ச் சொல்வேன் என்றார். அவர் கார் பழசு, நான் ஓட்டுகிறேன் என்றேன். கிறிஸ்துமஸ் வந்தது, என் மகள் ஊரிலிருந்து வந்தாள், கடையை விட முடியவில்லை. ஜனவரி முதல் வாரம் பனிப்புயலில் மாநிலச் சாலைகளை மூடினார்கள். “பனி நிக்கட்டும், அவசரம் என்ன?” என்று சொன்னவன் நான்தான். அவரும் சரியென்றார். அவருக்குப் பயமாக இருந்தது. எனக்கும் அது வசதியாக இருந்தது.

ஜனவரி பதினெட்டாம் தேதி கிளம்பினோம். நாலு மணி நேரப் பயணம். போன் செய்து சொல்லலாம் என்றேன். “போன்ல சொல்ற விஷயமா இது?” என்று மறுத்துவிட்டார்.

ஓல்மன் வீடு சாலையிலிருந்து உள்ளே தள்ளி, மாட்டுக் கொட்டகைக்கு எதிரே இருந்தது. ரொவீனா கதவைத் திறந்தார். ஐம்பது வயதிருக்கும். நாங்கள் ஹால்விக்கிலிருந்து வருகிறோம், டேப் கொண்டுவந்திருக்கிறோம் என்றதும் கதவை முழுசாகத் திறந்துவிட்டார்.

“உள்ள வாங்க. காலணி இருக்கட்டும், பரவாயில்ல.”

கூடத்தில் ஜன்னலோரம் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டில், மெத்தை இல்லாமல், மடித்துச் சுவரோடு சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. நான் அதைப் பார்த்ததுமே புரிந்துகொண்டேன். என் கடையிலிருந்து அப்படிப்பட்ட கட்டில்கள் எத்தனையோ வீட்டுக்குப் போயிருக்கின்றன, இப்படி மடிந்துதான் திரும்பி வரும். ஆர்லிஸுக்கு இன்னும் புரியவில்லை.

“மிஸ்டர் ஓல்மன் தூங்கறாரா?” என்று கேட்டார்.

“மெர்ல் போயிட்டாரு. ஒம்பதாம் தேதி,” என்றார் ரொவீனா. “உக்காருங்க. காப்பி இருக்கு.”

ஆர்லிஸ் உட்காரவில்லை. சமையலறை மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்படியே நின்று சொல்லிவிட்டார். தான்தான் கடிகாரத்தை இயக்கியது என்று. தெரிந்தேதான் ஓடவிட்டேன் என்று. உங்கள் பையன்கள் அடிபடுவதைப் பார்க்கப் பொறுக்காமல் செய்தேன் என்று. நடுவில், கொட்டகையிலிருந்து ப்ரென்ட் வந்து கதவோரம் நின்றான். அவன் மேலங்கியிலிருந்து பனி சொட்டியது. அம்மா அவனை உட்காரச் சொல்லவில்லை.

ரொவீனா காப்பியை மூன்று கோப்பைகளில் ஊற்றினார்.  பிறகு பேசினார்.

“மெர்லுக்கு எலும்பு வரைக்கும் பரவியிருந்துச்சு. வலிக்கு மருந்து குடுத்தா தூக்கம் வந்துடும். அன்னிக்கு ஆட்டம் பாக்கணும்னு காலையிலேர்ந்து மருந்தே வேணாம்னுட்டாரு. வேன்ல நாலு மணி நேரம். ஒவ்வொரு குழிக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு வந்தாரு. மூணாவது கால்பகுதியில தாங்கல. பாதி மாத்திரை, பாதிதான், போட்டுக்கிட்டாரு.”

எனக்கு அந்த மருந்து தெரியும். அதைப் போடாமல் அந்தச் சேற்று மைதானத்தில் மூன்று மணி நேரம் உட்கார்வது என்றால் என்னவென்றும் தெரியும். 

“அஞ்சு நிமிஷம் இருக்கும்போது, ப்ரென்ட் ஹெல்மெட் மாட்டறான் பாருன்னு என்கிட்ட காட்டினாரு. அப்புறம் பாத்தா எல்லாரும் கை குலுக்கறாங்க. மெர்ல் நெலம் அளக்கிறவரா இருந்தவரு. கணக்குல ரொம்பக் கறாரு. அஞ்சு நிமிஷம் இவ்ளோ சீக்கிரம் முடியாதுன்னாரு. அப்போ நான்தான் தூங்கிட்டேன், பாதி மாத்திரை போட்டதாலதான், பையன் ஓடினதைப் பாக்காம விட்டுட்டேன்னாரு.”

“நான் இறங்கவே இல்லைன்னு நூறு தடவை சொன்னேன்,” என்றான் ப்ரென்ட் கதவோரத்திலிருந்து. அவன் பேசியது அப்போதுதான்.

“சொன்னான். நானும் சொன்னேன். கோச் போன்ல சொன்னாரு. நம்பல. என் மனசு நோகக்கூடாதுன்னு எல்லாரும் சேந்து பொய் சொல்றீங்கன்னாரு. ராத்திரி பகல் அதே பேச்சு. அந்தப் பாதி மாத்திரையைப் போட்டிருக்கக் கூடாது, கொஞ்ச நேரம் பொறுத்திருந்திருக்கலாம்னு. அதுக்குத்தான் டேப்பு கேட்டேன். கண்ணால பாத்தா நம்புவாரேன்னு.”

ஆர்லிஸ் அப்போது உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்று சொல்ல முடியாது, விழுந்தார், நாற்காலி அங்கே இருந்தது.

“டேப்பு என்கிட்டதான் இருந்துச்சு,” என்றார். “டிசம்பர்லேர்ந்து.”

 ரொவீனா சர்க்கரைக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

“கடைசி ரெண்டு நாள் அவருக்கு நெனவு வந்து வந்து போச்சு,” என்றார் பிறகு. “எட்டாம் தேதி மறுபடி கேட்டாரு. நெஜத்தைச் சொல்லு ரொவீனா, நல்லா ஓடினானான்னு. எனக்கு முடியல. ஆமா மெர்ல், நல்லா ஓடினான், எட்டு கெஜம் ஓடினான், ரெண்டு பேர் சேந்துதான் அவனைச் சாய்ச்சாங்கன்னு சொல்லிட்டேன்.”

“அம்மா!” என்றான் ப்ரென்ட்.

“சொல்லிட்டேன்டா.”

“அப்போ அப்பா, நான் அவர்கிட்ட பொய் சொன்னேன்னு நெனைச்சுக்கிட்டே போயிட்டாரா? ரெண்டு மாசமா நான் சத்தியம் பண்ணிட்டிருந்தேனே!”

“அவரு சிரிச்சாருடா. ‘நான் தூங்கிட்டேன், ஆனா அவன் ஓடினான்ல’ன்னாரு. நான் வேற என்ன பண்ணட்டும்?”

 ப்ரென்ட் ஆர்லிஸ் பக்கம் திரும்பினான். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

“மேடம், ஒண்ணு கேக்கறேன். எங்களுக்கு வெக்கமா இருந்துச்சுன்னு உங்களுக்கு யார் சொன்னா?”

“யாரும் சொல்லலப்பா.”

“நாங்க அந்த வருஷம் ஒன்பது ஆட்டம் தோத்தோம். எங்களுக்குத் தோக்கத் தெரியும். எங்க டக், அந்த ஒல்லிப் பையன், பத்து கெஜம் ஓடினப்போ நாங்க குதிச்சதைப் பாத்தீங்கல்ல? எங்களுக்கு வெக்கமே இல்ல மேடம். நீங்களாதான் எங்களுக்காக வெக்கப்பட்டுக்கிட்டீங்க.”

சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான். ரொவீனா எங்களுக்கு பிஸ்கட் எடுத்துவைத்தார். யாரும் தொடவில்லை. மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. ஆர்லிஸும் கேட்கவில்லை. கிளம்பும்போது டேப்பை மேசையில் வைக்கப் போனார். ரொவீனா அதைப் பார்த்துவிட்டு, “அதை நீங்களே கொண்டு போயிடுங்க. இங்க இருந்தா நான் போட்டுப் பாத்துடுவேன்,” என்றார்.

காருக்கு வந்தபோது ப்ரென்ட் கொட்டகைப் பக்கமிருந்து நடந்து வந்தான். ஜன்னல் கண்ணாடியை இறக்கினேன்.

“எவ்ளோ நேரம்னு அளந்தீங்களா?”

“ரெண்டு நிமிஷம் பதினோரு செகண்டு,” என்றார் ஆர்லிஸ்.

அவன் தலையைக் குனிந்து எதையோ கணக்குப் போட்டான். “நாலு தடவை ஓடியிருக்கலாம்,” என்றான். எங்களிடம் சொன்ன மாதிரி இல்லை. திரும்பிப் போய்விட்டான்.

 எல்லை தாண்டி ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தியபோது, ஆர்லிஸ் கையுறையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். அறுபத்தைந்து வயதுப் பெண் அப்படித் தேம்பி நான் கேட்டதில்லை. அழுது முடித்துவிட்டு, “நீ மைக்ல சொன்னதை நான் அங்க சொல்லல வெர்ன். அது உன்னோடது,” என்றார். நான் அந்தச் சமையலறையில் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகும் எழுதவில்லை. இன்றுவரை ஓல்மன் வீட்டாருக்கு அது தெரியாது.

திங்கட்கிழமை ஆர்லிஸ் விளையாட்டுத் துறைத் தலைவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். அவர் கதவை மூடிவிட்டு, “அம்பத்தொம்போதுக்கு பூஜ்யம், ஆர்லிஸ். ரெண்டு நிமிஷத்துல என்ன மாறியிருக்கும்? விடுங்க,” என்றாராம். போட்டிகளை நடத்தும் லீக்குக்கும் ஆர்லிஸ் எழுதினார். கடிதம் கிடைத்தது என்று ஒரு வரி பதில் வந்தது. கூண்டுச் சாவியைத் தலைவர் மேசையில் வைத்துவிட்டார். அந்த இடத்துக்குக் கணக்கு வாத்தியார் ஒருவர் வந்தார். ப்ரூயிட்டுக்கு எழுதிய கடிதத்துக்கு மட்டும் நீளமாகப் பதில் வந்தது. அதை ஆர்லிஸ் எனக்குக் காட்டவில்லை. படித்துவிட்டு இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை என்பது தெரியும். அடுத்த வருடம் மாரோ க்ரீக்கில் ஃபுட்பாலையே நிறுத்திவிட்டார்கள்.

ஆர்லிஸ் ஆட்டம் பார்க்க வருவதை நிறுத்துவார் என்று நினைத்தோம். மாறாக, கேலரியில் வந்து உட்கார ஆரம்பித்தார், அதுவும் எதிரணிக்காரர்கள் உட்காரும் பக்கம். நெருக்கமான ஆட்டமென்றால் சில சமயம் பாதியிலேயே எழுந்து போவார். ஒருதலைப்பட்சமான ஆட்டமென்றால் கடைசி நொடிவரை இருப்பார்.

தொண்ணூற்றொன்பது அக்டோபரில் ஒரு ஆட்டம். அறுபத்திரண்டுக்கு மூன்று. பனிமழை அடித்ததில் நாலாவது கால்பகுதிக்குள் கேலரி காலியாகிவிட்டது. எதிர்ப்பக்கம் ஐந்தாறு பேர் மிச்சம், அதில் ஆர்லிஸ் ஒருவர், பிளாஸ்டிக் உறையைத் தலைவழியே போட்டுக்கொண்டு. ஆட்டம் முடிந்து நான் இறங்கிப் போனேன். குளிரில் அவர் உதடு நீலமாகியிருந்தது.

“பைத்தியமா உங்களுக்கு? அறுபத்திரண்டு ஆனப்பவே எந்திரிச்சு வரவேண்டியதுதானே?” என்றேன்.

“தோத்த பசங்கள்ல எண்பத்தெட்டாம் நம்பர் ஒரு பந்தைப் புடிச்சான். முடியறதுக்குக் கொஞ்சம் முன்ன. பாத்தியா?”

“பாத்தேன். மைக்ல சொன்னேனே.”

“தப்பாச் சொன்ன. ஆறு கெஜம்னு சொன்ன. ஏழு.”

எழுந்திருக்கக் கை கொடுத்தேன். படியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். அந்தக் குளிர்காலம் அவருக்கு நுரையீரலில் நீர் கோத்தது. அடுத்த சீசன் தொடங்குவதற்கு முன், ஆகஸ்ட் மாதம், இறந்துபோனார். வீட்டைக் காலி செய்தபோது, தொலைக்காட்சிக்குக் கீழே அந்த டேப் இருந்தது. ஓட்டிப் பார்த்துப் பார்த்து, கடைசிக் கால்பகுதி இருந்த இடத்தில் படம் தேய்ந்து, வெறும் வெள்ளைக் கோடுகளாகத் தெரிந்தது.